மூன்றாவது பெடல்

என்னைப் பெற்ற அத்தா யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று கச்சிராயபாளையத்தில் இன்றைக்கும் சொல்லுவார்கள். உண்மைதான். அத்தா வார்த்தைகளை வீணாக்குகிறவர் அல்ல. கடைக்கு வந்து வம்பளக்கிற ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால், மறுநாள் அவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூல் அங்கே இருக்காது. வேலையாள் ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால், எல்லாருக்கும் வருகிற டீ அவருக்கு மட்டும் வராது. நாலைந்து டீ தவறினால் அந்த மனிதர் தானாகவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிடுவார். "நானா போவச் சொன்னேன்? அவனாத்தான் போனான்" என்று அத்தா எல்லாரிடமும் வருத்தப்படுவார். அந்த வருத்தமும் பொய்யாக இருக்காது.

தன் கூடப்பிறந்த தம்பியிடம் அவர் இப்படிப் பேசியது ஒரே ஒரு தடவை. அதற்கு ஸ்டூலும் டீயும் போதவில்லை. ஒரு ஜீப்பின் கியர் பாக்ஸையே கழற்ற வேண்டியிருந்தது.

எங்களுக்கு மலைச்சரக்கு வியாபாரம். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கடுக்காய், புளி, சீயக்காய், தேன் எல்லாம் எங்கள் கடைக்கு வந்து, கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் போகும். தலைச்சுமையாகவும் கழுதைமேலும் வந்துகொண்டிருந்த சரக்கை ஏற்றிவர அத்தா ஒரு ஜீப் வாங்கினார். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் மலையில் எதையோ தேடித் துளைபோட்டுப் பார்த்தார்கள். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஜீப்பை ஏலத்தில் விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏலத்தில் அந்த ஜீப்பை எடுக்க அத்தாவோடு யாரும் போட்டிபோடவில்லை. ஏன் போடவில்லை என்று வீடு வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது.

அதில் கிளட்ச் கிடையாது. கியர் போடுகிற வேலையே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு குச்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால், வண்டி தானாகவே கியர் மாற்றிக்கொண்டு போகும். காலுக்கு இரண்டே பெடல்கள். பிரேக் பெடல் மட்டும், கிளட்ச் இருக்க வேண்டிய இடம்வரைக்கும் அகலமாக நீண்டிருந்தது. அத்தா வேன் ஓட்டிப் பழகியவர். கியர் மாற்ற வேண்டிய இடம் வந்ததும் அவருடைய இடது கால் தானாகப் போய் பிரேக்கை முழுசாக மிதித்தது. பின்னால் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கூடையோடு முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். அணைக்கட்டு வளைவுக்குள் இது மூன்று தடவை நடந்தது. அத்தா இறங்கி, "இது மனுசன் ஓட்டற வண்டி இல்ல" என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஊரில் எந்த வண்டி நின்றாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் கிளம்பிவிடும். தள்ளிவிடுவது என்பது சேவை, பொழுதுபோக்கு, உரிமை எல்லாம் சேர்ந்தது. இந்த வண்டியைத் தள்ளினால் கிளம்பாது. அதன் அமைப்பு அப்படி. அது தெரியாமல் பேட்டரி இறங்கிப்போன ஒரு நாள் பள்ளிவாசல் தெருவே கூடித் தள்ளியது. கோயில் தெருக்காரர்களும் வந்து தள்ளினார்கள். ஜீப் மரியாதையாக உருண்டு, மேடு வந்ததும் மரியாதையாக நின்றது.

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அதை ஒரு மத்தியானம் சாச்சாதான் வெளியே எடுத்தார்.

சாச்சா அத்தாவின் ஒரே தம்பி. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போய்விட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்குவது அவர் வேலை. ஊரில் அவரை நொண்டி பாய் என்பார்கள். திட்டுவதற்காக அல்ல, அடையாளத்துக்காக. அடையாளத்துக்குச் சொன்னாலும் காதில் விழுகிறபோது அது திட்டாகத்தான் விழும் என்பது சொல்லுகிறவர்களுக்குத் தெரியாது.

சாச்சா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய இடது கால் எப்போதும்போல ஒரு வேலையும் செய்யாமல் ஓரமாகக் கிடந்தது. இந்த வண்டிக்கு வேண்டியதும் அதுதான். வலது காலால் மெல்ல மிதித்தார். ஜீப் தளும்பாமல் தெருவில் இறங்கிப் போனது. நான் வாசலில் நின்று கத்தினேன். அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். ஊரில் இரண்டு காலும் நன்றாக உள்ள யாருக்கும் பிடிபடாத வண்டி சாச்சாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் பாறையும் சேறுமாக இருக்கும். அதில் மூட்டைகளோடு ஏறுவார், இறங்குவார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். மலைக்காரர்கள் அவரை ஜீப் பாய் என்று கூப்பிட்டார்கள். அப்புறம் கீழே உள்ளவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். நைனார்பாளையத்தில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்சு வந்தது. அதற்கு முன்னால் சாச்சாவுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பெண்வீட்டார், "மாப்பிள வண்டி ஓட்டறாராமே" என்று கேட்டுவிட்டதாக அம்மா நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த அரசியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மறியல் செய்தவர்கள் யாரோ அல்ல. எங்கள் கடைக்குத் தினமும் வருகிறவர்கள். எங்களுக்கும் படிப்பு வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. போலீஸ் அவர்களை அடித்த அடிக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கோபம் வந்தால் அது வந்த வழியாகத் திரும்பிப் போவதில்லை. சென்னைக்குப் போக வேண்டிய கோபம் பக்கத்துத் தலித் காலனிப் பக்கமாகவும் திரும்பியது.

மறியல் தொடங்கிய சமயத்தில் மலையிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் தூளியில் கட்டித் தூக்கி வந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரோட்டில் மரம் கிடக்கிறது. சாச்சா அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஜீப்பை கோமுகி ஆற்றுக்குள் இறக்கிவிட்டார். மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் ஓட்டி, கரும்புத் தோட்டத்து வரப்பில் ஏறி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள். மறியல் செய்தவர்களே சாச்சாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அத்தா அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கடைசியில் அவரே ஜீப் ஓட்டியதுபோலக் கதை வளர்ந்துவிட்டது.

அடுத்து ஒரு நாள், காலனியிலிருந்து ஆள் வந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்து ரத்தம் நிற்கவில்லை. யார் அடித்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சாச்சா அதே ஜீப்பில், அதே ஆற்று மணலில், அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. அத்தாவும் யாரிடமும் கதை சொல்லவில்லை.

மறியல் ஓய்ந்து மரங்களை அப்புறப்படுத்திய பிறகு, எங்களுக்குப் பழக்கமான கரும்பு விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கரும்பு அனுப்புகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னா பாய், ஊரே ரோட்ல ஒக்காந்துக்கினு இருந்துச்சு. ஒங்க தம்பி மட்டும் ஜீப்ப ஓட்டிக்கினு எங்கெங்கியோ போய்க்கினு வந்துக்கினு இருந்தாராமே? பசங்க கோவமா இருக்கானுங்க. நாந்தான் சொல்லி வெச்சிருக்கேன், பாய் நம்ம ஆளுன்னு."

"தம்பி வெவரம் தெரியாதவன். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க" என்றார் அத்தா.

"எனக்கின்னா பாய் இருக்குது. அடுத்த தபா எதுனா ஆச்சுன்னா நம்ம கையில இல்ல. அதுக்குச் சொன்னேன்."

அவ்வளவுதான். மிரட்டல் என்று யாரும் புகார் சொல்ல முடியாத மிரட்டல். அத்தாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம். அவர் பயந்தவர். மெயின் ரோட்டில் அந்த வாரம் கடைகள்மீது கல் விழுந்திருந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் எங்களிடம் சரக்கு வாங்கினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் பயந்திருப்பார். கடைக்கு ஆகிவிடும் என்றும் பயந்திருப்பார். எந்தப் பயம் முதலில் வந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "இனிமே காலனிக்குப் போவாத" என்று சொல்லியிருக்கலாம். சாச்சா ஏன் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற வாய் அத்தாவிடம் இல்லை.

திருச்சியில் ஒரு கல்யாணம் வந்தது. குடும்பத்தின் சார்பில் சாச்சா போய்வரட்டும் என்று அத்தா புதுக் கைலியும் சட்டையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். சாச்சா பஸ் ஏறிய கையோடு ஜீப் கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது.

பழைய கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அத்தா வீட்டில் சொன்னார். அது வேலை செய்வதற்கு வேண்டிய சிவப்பு எண்ணெய் மெட்ராஸிலிருந்து வர வேண்டியிருக்கிறது, மலை இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை, பேட்டரி இறங்கினால் தள்ளிக்கூடக் கிளப்ப முடியவில்லை என்று அடுக்கினார். கியர் பாக்ஸ் போய்விட்டது என்ற ஒன்றைத் தவிர மற்றது எல்லாமே உண்மை. அதனால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. கழற்றிய கியர் பாக்ஸை மெக்கானிக் சேலத்தில் யாருக்கோ விற்றார் என்றும், அது வேறொரு வண்டியில் வருஷக்கணக்கில் ஓடியது என்றும் அம்மா என்னிடம் சொன்னது, எனக்கே கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு. அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் அத்தா என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய ராணுவ ஜீப் ஒன்றிலிருந்து எடுத்த கியர் பாக்ஸ் தரையில் கிடந்தது. அது இன்ஜினோடு பொருந்துவதற்கு நடுவில் ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து வைத்திருந்தார்கள். கியர் குச்சி மேலே வருவதற்காக வண்டியின் தரையை உளியால் வெட்டினார்கள். அகலமான பிரேக் பெடலை அறுத்துக் குறுக்கினார்கள். அறுத்த இடத்துக்குப் பக்கத்தில், இடது பக்கமாக, ஒரு புதுப் பெடலை வெல்டிங் வைத்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு அந்தக் கியர் குச்சியின் கறுப்புக் குமிழ் பிடித்துப்போயிற்று. அதை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டினேன்.

சாச்சா திரும்பிவந்த அன்று ஜீப் வாசலில் கழுவி நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். இனிமேல் தள்ளினாலே கிளம்பும் என்று அத்தா அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாச்சா திருச்சியிலிருந்து எனக்கு வாங்கிவந்த வளையலை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பை மட்கார்டில் சாய்த்து, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே குச்சியைத் தேடினார். பிறகு தரையைப் பார்த்தார்.

இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி அந்தப் பெடல்மேல் வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி அமுக்கினார். பெடல் பாதி இறங்கியது, கால் வழுக்கியது, பெடல் பட்டென்று மேலே வந்தது. மறுபடியும் தூக்கி வைத்தார். கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினார். மறுபடியும் வழுக்கியது. அத்தா முதுகைத் திருப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் மலை இறக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

சாச்சா இறங்கினார். கம்பை எடுத்துக்கொண்டார்.

"நல்லாப் பண்ணியிருக்காங்கண்ணே" என்றார்.

"ஒனக்கும் எவ்ளோ அலைச்சல். இனிமே டிரைவர் பாத்துக்குவான். நீ நெழல்ல ஒக்காரு" என்றார் அத்தா. அதில் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

புது டிரைவர் வந்தார். கரும்பு விவசாயியின் ஊர்க்காரர், அவர் சொல்லித்தான் அத்தா வைத்தார். சாச்சா பழையபடி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கினார். நைனார்பாளையத்துக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் கடைமீது ஒரு கல்கூட விழவில்லை. அத்தா சாகிறவரைக்கும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், காலனியிலிருந்து ஒரு பெண் கடைக்கு ஓடிவந்தார். மண்டை உடைந்தவரின் மனைவி. தலைமுடி அவிழ்ந்திருந்தது, காலில் செருப்பு இல்லை. கடைப்படிக்குக் கீழேயே நின்று சாச்சாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஜீப் பாய், எங்க வூட்டுக்காருக்கு இசிவு வந்துக்கினே இருக்குது. அடிபட்ட எடந்தான். டாக்சிக்காரன் காலனிக்கு வர மாட்டேங்கறான். நீங்க கொஞ்சம் வாங்க பாய். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் பள்ளிக்கூடம் விட்டு, கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். சாச்சா கையிலிருந்த கடுக்காயைக் கீழே போட்டார். திரும்பி அத்தாவைப் பார்த்தார். அத்தா தராசில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள்ளைத்தான் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரும்மா" என்றார் சாச்சா.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னாலிருந்து ஜீப் வந்தது. வெள்ளிமலைக்குப் போக அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டிரைவர் கிளப்பியிருந்தார். ஹாரன் அடித்தார். அந்தப் பெண் விலகி வழிவிட்டார். சாச்சா எழுந்து கையை நீட்டி நிறுத்தினார். டிரைவர் சாச்சாவைப் பார்க்கவில்லை. கடைக்குள்ளே அத்தாவைப் பார்த்தார். அத்தா இன்னும் ஒரு பிடி புளியை எடுத்துத் தட்டில் வைத்தார். டிரைவர் கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, போய்விட்டார்.

அந்தப் பெண் ஜீப் போன திசையைப் பார்த்தார். பிறகு சாச்சாவைப் பார்த்தார். கத்தவில்லை, அழவும் இல்லை.

"எல்லாரும் ஒண்ணுதான்னு எங்க வூட்டுக்காரு அப்பவே சொன்னாரு. நாந்தான், இல்ல, ஜீப் பாய் அப்பிடி இல்லன்னு சண்ட போட்டேன்" என்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினார். மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். ஆள் பிழைத்துக்கொண்டார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் காலனியிலிருந்து அப்புறம் யாரும் சாச்சாவோடு பேசவில்லை.

எனக்கு சாச்சாமீதுதான் ஆத்திரம் வந்தது. அந்தம்மாவுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும்? அண்ணன் வண்டியை மாற்றிவிட்டார், இப்போது என் காலுக்கு அது ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்துகொண்டு போயிருப்பார். அதைச் சொல்ல என்ன கஷ்டம்? எதற்காக ரிப்பேர் என்று பொய் சொல்லி, ஓடுகிற வண்டிக்கு முன்னால் அகப்பட்டுக்கொள்ள வேண்டும்? போட்ட சட்டையிலிருந்து தின்கிற சோறுவரைக்கும் அண்ணன் கொடுப்பதாக இருந்தால், அந்த அண்ணன் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதனின் வாயில் எது வரும், எது வராது என்பது பத்து வயதுப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? எங்கள் சாச்சா சரியான பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். உள்ளே போய், அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.